மீன் சைக்கிள் போன தடம்

சிவமயம்

பத்தாம் வாய்க்கால் குடியேற்றம்,
19.8.1962

திரு. இன்னாசித்தம்பிக்கு,

இங்கே யாவரும் சுகம். உம்முடைய வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

ஐந்து கிழமையாக உம்முடைய மீன் சைக்கிள் இந்தப் பக்கம் வரவில்லை. சுகமில்லையோ என்று முதலில் யோசித்தேன். பிறகு பஸ் கொண்டக்டர் சொன்னார், நீர் தண்ணீரூற்றில் மீன் விற்றுக்கொண்டு நல்ல சுகமாக இருக்கிறீராம். ஏழு வருஷமாகக் கிழமைக்கு மூன்று நாள் எங்கள் மதகடியில் வந்து மணி அடித்த மனிதர், ஒரு சொல் சொல்லாமல் நின்றுவிட்டால் நாங்கள் என்னவென்று எடுப்பது? என் மனைவி நாகேஸ்வரி தினமும் ஒரே பாட்டுத்தான். "உங்கட வாயாலதான் அந்த மனுசன் வாறேல்ல. இனி மீனையும் நீங்களே போய்ப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ" என்கிறா.

ஆடி மாதக் கூட்டத்தில் நான் சொன்ன ஒரு சொல்லை நீர் பெரிதாக எடுத்துவிட்டதாக எங்கள் பொருளாளர் மயில்வாகனம் சொல்கிறார். கிராம முன்னேற்றச் சங்கத்துக்குத் தலைவராக இருப்பவன் பலதும் பத்தும் சொல்ல வேண்டி வரும். அதை மனதில் வைத்திருக்கக் கூடாது.

நான் எழுத வந்தது வேறு. அன்று கூட்டத்தில் பேசிய பாதை முடிந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடத்துக்கு வண்டில் பாதையால் நாலு மைல் போவது உமக்குத் தெரியும். மாரியில் அது சேற்றுக்குளம். போன மாரியில் ஏழு கிழமை ஒரு பிள்ளைகூடப் போகவில்லை. அதனால்தான் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் தனி வழி என்று தீர்மானித்தோம். நாற்பத்திரண்டு குடும்பமும் பதினெட்டு நாள் சிரமதானம் செய்தது. நூல் பிடித்து, குறுக்கே, இரண்டேகால் மைல்! ஆறடி அகலம். ஒரு வளைவு கிடையாது. இரண்டு பக்கமும் பூவரசந் தடியைக் கதியாலாக நட்டு வேலி. வண்டில் ஏறாதபடி தொடக்கத்திலும் முடிவிலும், இரண்டு தொங்கலிலும் குறுக்கே கடப்பு மரம். அரசாங்க அதிகாரி டி.ஆர்.ஓ. வந்து பார்த்துவிட்டு, "யாழ்ப்பாணத்து ஒழுங்கை மாதிரியெல்லோ இருக்குது" என்றார். அங்கிருந்து வந்த எங்களுக்கு அதைவிட வேறென்ன பாராட்டு வேண்டும்?

வந்து பாரும். உமக்கும் தடை இல்லை.

இப்படிக்கு,
க. வீரகத்தி
தலைவர்


சேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு,
2.9.1962

மதிப்புக்குரிய தலைவர் ஐயாவுக்கு,

மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வண்டில் கட்டிக்கொண்டு போய் வந்ததால் பதில் பிந்திவிட்டது. மனைவி புனிதமும் மகள் யூலிற்றாவும் நானும் தேவதாயின் கிருபையால் சுகம். உங்கள் வீட்டு அக்காவுக்கும் பிள்ளைக்கும் எங்கள் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

ஒரு சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். மறந்திருப்பீர்கள், நான் எழுதி வைக்கிறேன். அன்று நான் மதகடியில் மீன் நிறுத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் மரத்தடியில் கூட்டம் வைத்து நூல் இழுக்கிற கதை கதைத்தீர்கள். நான் நின்ற இடத்தில் நின்றபடியே, "அண்ணை, அது தாழ்வு, மாரிக்குத் தாங்காது, மேட்டால விடுங்கோ" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அதற்கு நீங்கள், "மீன்கூடைக்காரன் வழி காட்ட நாங்கள் பின்னால போறதோ? நீர் மீனை வித்துப்போட்டுப் போம்" என்றீர்கள். நாற்பது பேர் சிரித்தார்கள். திரும்பிப் போகும்போது சைக்கிள் கனத்தது. பெட்டியில் மீன் இல்லை, ஆனாலும் கனத்தது.

அதற்குப் பிறகும் நான் ஒருநாள் வந்தேன், அது உங்களுக்குத் தெரியாது. ஆவணி தொடக்கத்தில். பள்ளிக்கூடப் பக்கத்துத் தொங்கலில், என் பழைய தடம் தொடங்குகிற இடத்தையே அடைத்துக்கொண்டு, உங்கள் கடப்பு மரம் முழங்காலுக்கு மேலே நின்றது. அரை அந்தர், ஐம்பத்தாறு றாத்தல் மீன் கட்டின சைக்கிளைத் தனி ஆள் எப்படித் தூக்கிக் கடத்துவது? மீனை அவிழ்த்துக் கடத்தி, சைக்கிளைக் கடத்தி, திரும்பக் கட்ட மனம் வரவில்லை. வண்டில் பாதையால் சுற்றி வர வெயில் ஏறிவிட்டது. பாதியில் திரும்பினேன். சூடை மீன் முழுவதும் காகத்துக்குப் போனது. தடை இல்லை என்று எழுதுகிறீர்கள்.

வேலி இரண்டு பக்கமும் போட்டீர்களோ! உங்கள் ஆட்களுக்கு வேலி இல்லாவிட்டால் வழி என்று தெரியாது. ஐயா, உங்கள் யாழ்ப்பாணத்தில் பெய்கிற மழை நிலத்துக்குள் இறங்கிவிடும். இங்கே தண்ணீர் இறங்காது, நடக்கும். அதற்கு ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போக இடம் வேண்டும். நீங்கள் அதைக் கூட்டில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். புரட்டாதி மழைக்குத் தெரியும்.

மீன்காரன் சொல்கிறான் என்று கோபிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ம. இன்னாசித்தம்பி


சிவமயம்

பத்தாம் வாய்க்கால்,
30.9.1962

தம்பி இன்னாசித்தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

போன திங்கட்கிழமை பின்னேரம் இடி மழை. இரண்டு மணித்தியாலம்தான். நடுவில் அரை மைலுக்கு வேலிக்கும் வேலிக்கும் இடையில் தண்ணீர் நின்றுவிட்டது. பத்தாம் வாய்க்காலுக்குப் பிறகு நாங்கள் பதினோராம் வாய்க்காலும் வெட்டிவிட்டோம் என்று மயில்வாகனம் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரவல் கல் போட்ட இடமெல்லாம் களிமண்ணுக்குள் போய்விட்டது. எங்கள் ஊர்ச் சின்னராசாவின் கால் தொடைவரை புதைந்து, இரண்டு பேர் பிடித்து இழுத்தோம். செருப்பு இன்னும் உள்ளேதான். அதற்கு அடுத்த நாள் விடிய ஆனை வந்து வேலியைப் பிய்த்து வைத்திருக்கிறது. பூவரசங் கதியால் அதுகளுக்கு நல்ல சாப்பாடாம்.

ஒரு வேலியும் இல்லாத இடத்தால் நடந்து பார்ப்போம் என்று அன்று மேட்டுப் பக்கம் ஏறினேன். உங்கள் டயர்த் தடம் அங்கே இன்னும் கிடக்கிறது. ஒரு சாண் அகலத்தில் புல் முளைக்கவில்லை. அதில் கால் வைத்து நடந்தேன். கால் புதையவில்லை! எத்தனை நாள், எத்தனை மழை, எத்தனை பாரம் அதில் போயிருக்கும் என்று நினைத்தேன். கூடவே ஏழு வருஷமாக அந்த மனிதர் வந்து போவதைப் பார்த்திருக்கிறேன், எப்படி வருகிறார் என்று ஒருநாளும் பார்க்கவில்லை என்றும் நினைத்தேன். பெரிய பாலை மரத்துக்கு அப்பால் தடம் மூன்றாகப் பிரிந்து காட்டுக்குள் போகிறது. அங்கே நின்று திரும்பிவிட்டேன்.

மறைக்காமல் எழுதுகிறேன். என் மகள் விமலேஸ்வரி ஆறாம் வகுப்பு. கணக்கில் அவதான் முதல். கார்த்திகைக் கடைசியில் சோதனை. எழுதாத பிள்ளைக்கு ஏழாம் வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோப்பாயில் இருக்கும் என் மைத்துனர், "மாரிக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாட்டில் தையில வந்து கூட்டிக்கொண்டு போறன், எங்களோட இருந்து படிக்கட்டும்" என்று எழுதியிருக்கிறார். நல்ல மனதோடுதான் எழுதுகிறார். ஆனால் என் தங்கை அப்படித்தான் ஒரு வீட்டில் இருந்து படிக்கப் போனா. ஆறு வருஷம் அந்த வீட்டுக் குசினியில் பாத்திரம் கழுவினா, படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது. என் பிள்ளை இன்னொருவர் குசினியில் நிற்க நான் இந்தக் காட்டை வெட்டவில்லை.

அன்று நான் சொன்னது பிழை. பெரிய பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள். மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பாலை மரத்துக்கு அப்பால் எந்தத் தடம் என்று எழுதுவீர்களா?

அன்புடன்,
வீரகத்தி


சேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு,
7.10.1962

வீரகத்தி அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. சின்னராசா அண்ணையின் செருப்பை நினைத்துச் சிரித்தேன், பிறகு பிள்ளையின் கதையை வாசித்து நிறுத்திவிட்டேன்.

நாற்பது பேருக்கு முன்னால் என்னைப் பேசினீர்கள். மன்னிப்பை மட்டும் உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். அதை வாசித்தது நானும் புனிதமும்தான். என் மனதில் இருப்பதைச் சொன்னேன், அவ்வளவுதான். வழிக்கு விலையாக இதைக் கேட்கவில்லை. வழியை இப்போதே எழுதுகிறேன். பிள்ளை சோதனை எழுதுவதற்கும் என் மனத்தாங்கலுக்கும் என்ன சம்பந்தம்?

முதல் வருஷம் நான் உங்கள் பக்கம் வந்தபோது ஒரு மாரியில் ஒன்பது தரம் விழுந்தேன். ஒருநாள் மீனெல்லாம் சேற்றில் கொட்டுண்டு, அதைப் பொறுக்கிக்கொண்டு இருக்கும்போதுதான் ஆனைத் தடம் கண்ணில் பட்டது. அவ்வளவு மழைக்கும் அது மூன்று விரல் ஆழம்தான் பதிந்திருந்தது. ஆனை வண்டில் பாதையால் போவதில்லை, தாழ்வால் போவதில்லை. காலால் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்து மேட்டால்தான் குளத்துக்கு வரும். எண்பது அந்தர் நடக்கிற இடத்தில் அரை அந்தர் போகாதோ என்று நினைத்தேன். அன்று தொடக்கம் நான் அவர்களுக்குப் பின்னால்தான் போகிறேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

மதகிலிருந்து ஏறி உங்கள் கிணற்றுக்குப் பின்னால் போக வேண்டும். ஓம் அண்ணை, உங்கள் மேட்டுக்காணிதான். அடுத்தது மயில்வாகனம் அண்ணையுடையது, பிறகு இன்னும் ஐந்து பேருடையது. பாலை மரத்தில் இடக்கைத் தடம் மாடு போவது. வலக்கைத் தடம் ஆனை குளத்துக்கு இறங்குவது, விடியமுன் வந்து போய்விடும். அந்த இடத்தில் வேலியோ விறகோ வைக்க வேண்டாம், அவர்களின் வழியை அவர்களுக்கு விட்டால் நம்முடையதை நமக்கு விடுவார்கள். நடுத்தடம்தான் எங்களுடையது. அதற்குப் பிறகு எழுதிக் காட்ட முடியாது, ஓடித்தான் பார்க்க வேண்டும். ஒரு மழை பெய்த அடுத்த நாள், சைக்கிளில் அரை அந்தர் மணல் மூட்டை கட்டி ஒருவரை ஓடவிடுங்கள். டயர் நகக்கண் அளவுக்குமேல் புதைந்தால் இறங்கி, பக்கத்தில் தேடுங்கள். புதையாத இடத்தில் தடி குத்துங்கள். தடிக்குத் தடி வழியை விடுங்கள். நூலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். முக்கால் மைல் கூடத்தான் வரும்.

கிரவல் போடும்போது நடுவை உயர்த்தி இரண்டு கரையையும் சரித்து விடுங்கள். வேலி வேண்டாம்.

இன்னும் ஒன்று. மேடு உங்கள் காணிகளால் போகிறது என்று உங்களுக்கு அன்றே தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். நான் நினைத்தது பிழை என்றால் நீங்களும் என்னை மன்னிக்க வேண்டும்.

இன்னாசித்தம்பி


சிவமயம்

பத்தாம் வாய்க்கால்,
28.10.1962

அன்புள்ள இன்னாசித்தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்றாம் நாள் கூட்டம் வைத்தேன். அதே மரத்தடி. அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர்தான் வரவில்லை. அவர்களையும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன்.

முதலில் அன்று நான் சொன்ன சொல்லை அப்படியே சொன்னேன். பிறகு உங்களுக்கு எழுதிய மன்னிப்பைச் சொன்னேன். பிறகு உங்கள் கடிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். ஆனைக்குப் பின்னால் போகிற இடம் வந்தபோது மயில்வாகனம், "அட, இந்த மனுசனையோ நாங்கள்..." என்றார். கடைசிப் பகுதி வந்தது. மேடு யாருடைய காணி என்று எனக்கு அன்றே தெரியும் என்று நீங்கள் எழுதியது. அங்கே கடிதத்தை மடிக்கப் பார்த்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து நாகேஸ்வரி, "நிக்காதேங்கோ, வாசியுங்கோ" என்றா.

வாசித்தேன். பிறகு, "ஓம், எனக்குத் தெரியும்" என்றேன். அதை உங்களுக்கும் எழுதுகிறேன். தாழ்வு எவருக்கும் சொந்தமில்லாத நிலம். மேடு என்னுடையது. கிணற்றுக்குப் பின்னால் முந்நூறு மிளகாய்க் கன்று நிற்கிறது. அதனால்தான் நூல் அவ்வளவு நேராக இருந்தது. நீங்கள் வாய் திறந்தபோது அது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். பயத்தில்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன். உங்களை இழிவாக நினைத்ததும் அதில் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

என்னுடைய காணியில் எட்டடி தருகிறேன் என்றேன். மயில்வாகனம் எழும்பி, "என்ர பக்கத்தால பத்தடி எடுங்கோ" என்றார். சின்னராசாதான் ஒரு பொழுது முழுக்க முரண்டு பிடித்தார். அவர் நட்ட கதியால் துளிர்த்துவிட்டதாம். கடைசியில் அவரே முதல் கதியாலைப் பிடுங்கினார், பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

இனி நான் கண்ணால் கண்டதை எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி மழைக்கு அடுத்த நாள் மணல் மூட்டை கட்டினோம். சைக்கிள் இருப்பது மயில்வாகனத்திடம், அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. மனிதர் ஏழு தரம் விழுந்தார். உங்களைவிட இரண்டு தரம் குறைவு என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். நான் தடியும் கையுமாகப் பின்னால் ஓடினேன். தடி குத்தி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது இருபத்தொரு வளைவு! ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இங்கே ஒரு ஊற்று, அங்கே ஒரு களிப் பள்ளம். இதை எவரும் காட்டாமல், ஓவசியர் இல்லாமல், மட்டக்கோல் இல்லாமல், மீன் பழுதாக முன்னம் போய்ச்சேர வேண்டும் என்ற அவதியோடு ஒரு மனிதன் தனியே கண்டுபிடித்திருக்கிறான். நான் ஏழு ஊர்த் தலைவர்களோடு பழகியிருக்கிறேன். இப்படி ஒரு மூளையை நான் காணவில்லை தம்பி. முகத்துக்கு முன்னால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

பெண்கள் கடகத்தில் கிரவல் சுமக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சின்னத் தகரப் பேணிகளில் சுமக்கிறார்கள். ஒருவரும் ஒருவரைக் கூப்பிடுவதில்லை, தானாக வருகிறார்கள். முன்பு பதினெட்டு நாளும் நான் வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டேன். இப்போது நான் வாய் திறக்க இடமே இல்லை.

ஒன்று மட்டும் தெரியவில்லை. கடப்பு மரத்தை எடுத்துவிட்டோம். இனி வண்டில் ஏறாமல் தடுக்க என்ன செய்வது?

அன்புடன்,
வீரகத்தி


சேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு,
4.11.1962

அன்புள்ள வீரகத்தி அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னமே கொண்டக்டர் சந்தையில் வைத்து எனக்கு எல்லாம் சொல்லிவிட்டார். நான் நம்பவில்லை. எங்கள் கரையில் வள்ளமும் வலையும் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டி தன் பிழையைத் தானே எழும்பிச் சொன்னதாக நான் பிறந்த நாள் தொடக்கம் கேள்விப்படவில்லை. கடிதத்தைப் புனிதத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். நான் அழவில்லை என்று எழுதினால் அவள் என்னோடு சண்டைக்கு வருவாள்.

இழிவாக நினைத்ததும் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அது இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

வண்டிலுக்கு: இரண்டு தொங்கலிலும் இரண்டிரண்டு முதிரை மரக் குத்தி நடுங்கள். மார்பளவு உயரம் போதும். இடைவெளிக்கு இத்துடன் ஒரு தும்புக் கயிறு வைத்திருக்கிறேன், இரண்டு முடிச்சுக்கும் இடையில் உள்ள அளவு. அது என் மீன் பெட்டியின் அகலம், இரண்டு விரல் கூட்டி. வண்டில் போகாது. கொம்பு வைத்த மாடு போகாது. பிள்ளைகளும் சைக்கிளும் போகும்.

வருவேன் என்று இப்போது எழுதமாட்டேன். தண்ணீரூற்றில் வாடிக்கை பிடித்துவிட்டேன். கோபம் இல்லை அண்ணை. ஆனால் நாற்பது பேரும் இப்போது என்னை எப்படிப் பார்ப்பார்களோ என்று ஒரு கூச்சம். ஏசினபோது வந்ததைவிட இது கூட.

இன்னாசித்தம்பி


சிவமயம்

பத்தாம் வாய்க்கால்,
2.12.1962

அன்புள்ள தம்பிக்கு,

மழை கார்த்திகை தொடங்கியதும் பிடித்தது. பதினொரு நாள் விடாமல் பெய்தது. குளம் நிரம்பி வான் பாய்ந்தது. வண்டில் பாதையில் இடுப்பளவு தண்ணீர், பழைய நேர்ப் பாதை எங்கே போனது என்றே தெரியவில்லை. எங்கள் வேலி வெட்கத்தோடு தலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறது.

மேட்டு வழியில் இரண்டு இடத்தில் மட்டும் தண்ணீர் குறுக்கே நடந்து போனது. நீங்கள் சொன்ன மாதிரியே, ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனது. பிள்ளைகள் கணுக்கால் நனைய அதைக் கடந்தார்கள். முதல் நாள் நான் குடை பிடித்துக்கொண்டு பாலை மரம்வரை பின்னாலே போனேன். விமலேஸ்வரி திரும்பிப் பார்த்து, "அப்பா, நீங்கள் போங்கோ. எங்களுக்கு வழி தெரியும்" என்றா. போக மனமில்லாமல் நின்று பார்த்தேன். முப்பத்தொரு பிள்ளையும் வளைந்து வளைந்து போய் மறைந்தார்கள். அந்த இடத்தில் மழைக்குள் நின்று அழுதேன். இதை நாகேஸ்வரிக்கும் சொல்லவில்லை.

சோதனை முடிந்துவிட்டது. ஒரு நாள்கூடப் பிந்தாமல் எல்லாம் எழுதினா. மைத்துனருக்கு நேற்று எழுதிவிட்டேன், வர வேண்டாம், பிள்ளை இங்கேயே படிக்கும் என்று.

இப்போது வழி பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. மிளகாய் கொண்டு போகிறார்கள், தபால்காரர் இந்த வழியால்தான் வருகிறார். போன கிழமை மருத்துவிச்சி அம்மா ஒரு பிரசவத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தா. முன்பு மாரியில் எங்கள் பெண்கள் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். உங்கள் பெட்டியின் அளவுக்கு விட்ட இடைவெளியால் எல்லோரும் போகிறார்கள் தம்பி, பெட்டி மட்டும் போகவில்லை.

கூச்சம் என்று எழுதினீர்கள். கூச்சப்பட வேண்டியவர்கள் நாங்கள். ஏழு வருஷத்தில் ஒருநாள் உங்களை நாங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. கிணற்றுத் தண்ணீரைக்கூட வேலிக்கு வெளியே வைத்துத்தான் தந்தோம், பேணியைக் கவிழ்த்துக் கழுவினோம். நீங்கள் அதைக் கண்டீர்கள், ஒன்றும் சொல்லவில்லை. வாருங்கள். விறாந்தையில் கதிரை போட்டு இருத்துவேன். என்னோடு பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும். புனிதத்தையும் யூலிற்றாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் நாகேஸ்வரிக்குப் பெரிய சந்தோஷம். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் அண்ணன்,
வீரகத்தி


சேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு,
7.12.1962

அன்புள்ள அண்ணைக்கு,

நேற்று வியாழக்கிழமை நான் வந்ததும், நீங்கள் வயலில் நின்றதால் காணாமல் திரும்பியதும் அக்கா சொல்லியிருப்பா. கதிரை போட்டா. தேத்தண்ணி தந்தா. வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பனங்கட்டியும் தந்தா. குடித்த பேணியை வாங்கி மற்றப் பேணிகளோடு வைத்தா. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிறு பூசை முடிந்து மூன்று பேரும் வருகிறோம், சாப்பாட்டுக்கு. அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக்காவிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

மழைக்கு முன்னம் வந்துவிடலாம் என்று வெள்ளனப் புறப்பட்டதால் ஏழு மணிக்கே உங்கள் வழியில் ஏறிவிட்டேன். குத்திகளுக்கு நடுவால் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போனது. நல்ல கிரவல், நல்ல சரிவு. என் தடம்தான், ஆனால் எனக்கே புதிதாக இருந்தது. ஏழு வருஷம் ஒளித்துக்கொண்டு போன மாதிரிப் போன இடத்தால் நிமிர்ந்து போனேன். தூறல் தொடங்கியது. பாலை மரத்துக்கு இப்பால் ஒடுங்கின வளைவு இருக்கிறதல்லவா, அங்கே எதிரில் பெல் சத்தம் கேட்டது.

முன்னுக்கு ஒரு பிள்ளை. மயில்வாகனம் அண்ணையின் பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழால் காலை விட்டு மிதித்துக்கொண்டு வருகிறா. பின் கரியரில் எல்லோருடைய புத்தகமும் உரப்பையில் கட்டியிருக்கிறது. அவவுக்குப் பின்னால் வரிசையாகப் பிள்ளைகள், ஓட்டமும் நடையுமாக. உங்கள் விமலேஸ்வரிதான், அண்ணை. சைக்கிள் ஓடுவது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. தெரியாவிட்டால் இதற்காகப் பிள்ளையை ஏச வேண்டாம், நல்லாக ஓடுகிறா. வளைவில் நான் விழுந்த இடத்தில் அவ விழவில்லை.

என்னைக் கண்டதும் பிரேக் பிடிக்கவில்லை. பிடித்தால் விழுந்துவிடுவா. தூரத்திலிருந்தே சத்தம் போட்டா.

"மாமா! கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கோ மாமா, எங்களுக்குப் பள்ளிக்கூடம் பிந்துது!"

நான் அப்படியே சைக்கிளோடு தாழ்வுக்குள் இறங்கிவிட்டேன். பெட்டியோடு சைக்கிள் அச்சுவரை புதைந்தது, என் கால் முழங்கால்வரை. அவ போனா. பின்னால் வந்த பிள்ளைகளும் அவவைப் போலவே என்னைப் பார்த்து, "மாமா, மாமா" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அவவோடு முப்பத்தொன்று. நான் எண்ணினேன்.

உங்கள் குடியேற்றத்தில் என்னை மீன்காரன் என்பார்கள், ஓய் என்பார்கள், கை தட்டிக் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. அப்படிக் கூப்பிடு என்று நீங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தீர்களோ, அவவாகக் கூப்பிட்டாவோ எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கமாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம்.

பிள்ளைகள் போய் மறைந்த பிறகும் நான் சேற்றை விட்டு ஏறவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பெட்டியில் மீன் கிடக்க, கன நேரம் அங்கேயே நின்றேன்.

உங்கள் தம்பி,
இன்னாசி